தடித்த எழுத்து காதில் விழுமா?

தாமிரபரணியில் தண்ணீர் கூடுகிறது, குறுக்குத்துறைப் பக்கம் குளிக்கப் போகாதீர்கள் என்று ஓர் அறிவிப்பு தயாராவதாக வைத்துக்கொள்வோம். ‘ஆற்றில் இறங்க வேண்டாம்’ என்ற வரி மட்டும் சிவப்பில், தடித்த எழுத்தில். பார்வையுள்ளவர் கண்ணில் முதலில் படுவது அதுதான். அதே அறிவிப்பைப் பாளையங்கோட்டையில் திரைவாசிப்பான் (திரையில் உள்ளதைக் குரலில் படித்துச் சொல்லும் மென்பொருள்) வழியாகக் கேட்கும் பார்வையற்ற மாணவருக்குச் சிவப்பும் இல்லை, தடிப்பும் இல்லை. தேதி, இடம், எச்சரிக்கை எல்லாம் ஒரே குரலில் ஓடிவிடும்.

திரைவாசிப்பான் பெரும்பாலும் நம்பியிருப்பது எழுத்துக்குப் பின்னால் இருக்கும் குறிச்சொல்லை; அதாவது, இது தலைப்பு, இது முக்கியம் என்று கணினிக்குச் சொல்லும் ‘டேக்’கை. வலைப்பக்கங்களை எழுதும் எச்டிஎம்எல்லில் ‘பி’ (b), ‘ஸ்ட்ராங்’ (strong) என்ற குறிச்சொற்கள் இரண்டும் திரையில் ஒரே மாதிரி தடிக்கும், பொருள்தான் வேறு. ‘பி’ கண்ணை இழுப்பதோடு சரி. ‘ஸ்ட்ராங்’ போட்டால் இது முக்கியம், அவசரம் என்று பொருள். திரையில் சாய்வெழுத்தாகத் தெரியும் ‘எம்’ (em) என்பது பேச்சில் ஒரு சொல்லை அழுத்திச் சொல்வதற்கானது. தமிழில் அந்த வேலையை ஏகாரமே பார்த்துவிடுகிறது. ‘இன்றைக்கே வா’ என்று எழுதியபின் சாய்வெழுத்து எதற்கு?

சரியான குறிச்சொல்லைப் போட்டாலும் வேலை முடிந்துவிடாது. என்விடிஏ என்ற இலவசத் திரைவாசிப்பானில் அழுத்தத்தை அறிவிக்கும் வசதி முதலில் அணைந்தேதான் இருக்கும். வரிக்கு வரி குறுக்கிட்டால் கேட்பவருக்கு எரிச்சல் வராதா? இன்செர்ட், கன்ட்ரோல், டி மூன்றையும் சேர்த்து அழுத்தினால் ஆவண வடிவமைப்புப் பட்டியல் திறக்கும்; அங்கே இயக்கலாம். கேட்பவர் அதை இயக்கியிருப்பார் என்று நம்பி எழுதக் கூடாது. ‘எச்சரிக்கை:’ என்ற சொல்லையே வரியின் தொடக்கத்தில், ‘ஸ்ட்ராங்’குக்குள் எழுதிவிடுங்கள். எச்சரிக்கை நான்கைந்து வரி நீளுமானால் அதற்குத் தனித் தலைப்பு கொடுங்கள். எச் விசையைத் தட்டினால் கேட்பவர் தலைப்பு தலைப்பாகத் தாவிவந்து அதைப் பிடித்துவிடுவார். பத்தி முழுவதையும் தடித்தால் எதையுமே தடிக்காததற்குச் சமம்.

வேர்டில் எழுத்தின் அளவைக் கூட்டினால் அது தலைப்பாகிவிடாது. ஸ்டைல்ஸ் பட்டியலில் ‘ஹெடிங் 1’, ‘ஹெடிங் 2’ என்று தேர்ந்தெடுக்க வேண்டும். பிடிஎஃப் ஆக்கும்போது ‘சேவ் ஆஸ்’ வழியாகப் போய், அணுகல்தன்மைக் (அக்ஸசிபிலிட்டி) குறிச்சொற்களுக்கான பெட்டியில் டிக் இருக்கிறதா என்று பாருங்கள். அச்சிடுவதுபோல் ‘பிரிண்ட்’ கொடுத்து எடுத்தால் கட்டமைப்பு அத்தனையும் உதிர்ந்துவிடும். பிடிஎஃப்பின் 1.7 பதிப்பில் ‘ஸ்ட்ராங்’குக்கு என்று தனிக் குறிச்சொல்லே கிடையாது, 2017-இல் வந்த 2.0 பதிப்பில்தான் சேர்த்தார்கள். 1.7 பதிப்புக் கோப்புகளில் சொல்லாலேயே எச்சரிப்பதற்கு இது இன்னொரு காரணம்.

இத்தனையும் செய்து, கோப்பைப் பாமினி என்ற பழைய, ஒருங்குறி அல்லாத எழுத்துருவில் அடித்திருந்தால் எல்லாம் வீண். திரையில் ‘தமிழ்’ என்று தெரிவது உள்ளே ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி என்ற ஆங்கில விசைகளாகத்தான் கிடக்கிறது. திரைவாசிப்பானும் அதைத்தான் உளறும். முதலில் ஒருங்குறிக்கு (யூனிகோடு) மாற்றுங்கள். அப்புறம் ஆவணத்தின் மொழியைத் தமிழ் என்று குறியுங்கள்; குறிக்காவிட்டால் ஆங்கிலக் குரல் தமிழை வாசிக்கப் பார்த்துத் திணறும். வாட்ஸ்அப்பில் சுற்றும் அறிவிப்புப் படங்களில் எழுத்தே கிடையாது, வெறும் புள்ளிகள்தான். படத்தை அனுப்பியே ஆகவேண்டுமென்றால் அதே செய்தியைக் கீழே தட்டச்சு செய்தும் அனுப்புங்கள்.