ஏற்றத்தில் போட்டது இறக்கத்தில் திரும்புமா?

மேடும் பள்ளமுமான ஊரில் சைக்கிள் ஓட்டுபவரிடம் "இத்தனை ஏற்றத்தை எப்படிச் சமாளிக்கிறீர்கள்?" என்று கேட்டால், "ஏற்றம் இருந்தால் இறக்கமும் உண்டே" என்பார். ஆறுதலான பேச்சுதான், ஆனால் கணக்கு அப்படி வராது. ஒரு கிலோமீட்டர் மேட்டை மணிக்கு 8 கி.மீ. வேகத்தில் ஏற ஏழரை நிமிடம். அதே வழியில் 40 கி.மீ. வேகத்தில் இறங்க ஒன்றரை நிமிடம். சராசரி 24 என்று மனம் சொல்லும். 2 கி.மீ.க்கு 9 நிமிடம் ஆகியிருக்கிறது. சராசரி 13 சொச்சம்தான்.

நேரம் மட்டுமா, உழைப்பும் அப்படித்தான். சமதளத்தில் நம் எதிராளி காற்று. ஆளும் சைக்கிளுமாக 85 கிலோ என்று வைத்துக்கொள்வோம். மணிக்கு 25 கி.மீ. வேகத்தில் போக ஏறத்தாழ 100 வாட் போதும். அதில் பெரும்பங்கு காற்றை விலக்கவே செலவாகிறது. மிச்சம் டயர் நசுங்கி நிமிர்வதில் போகிறது. இதே 100 வாட்டோடு 8 சதவீதச் சரிவில், அதாவது 100 மீட்டருக்கு 8 மீட்டர் உயரும் சாலையில் திரும்பினால், வேகம் 5 கி.மீ.க்கு இறங்கிவிடும். நடக்கிற வேகம்! அங்கே காற்று ஒரு பொருட்டே அல்ல. உழைப்பெல்லாம் 85 கிலோவைத் தூக்குவதற்கே சரியாகப் போகிறது. ஆகவே ஏற்றத்தில் குனிந்து ஓட்டிப் பயனில்லை. நிமிர்ந்து உட்கார்ந்து நன்றாக மூச்சு வாங்குங்கள்.

வியர்வை கொட்டுவதற்கும் காரணம் இதுதான். உண்ட உணவின் ஆற்றலில் நான்கில் ஒரு பங்குக்கு மேல் தசைகளால் மிதிப்பாக மாற்ற முடியாது; மீதி வெப்பமாகிறது. சமதளத்தில் எதிர்க்காற்று அதை வாரிக்கொண்டு போகும். நடை வேகத்தில் அந்த உதவியும் இல்லை.

கியர் சக்தியைக் கூட்டும் என்று பலர் நம்புகிறார்கள். கூட்டாது. அது சுமையைக் கூறுபோட்டுத் தருகிறது, அவ்வளவே. பெடலோடு சுழலும் முன் பல்சக்கரத்தில் 50 பல், பின்னால் 11 பல் என்றால், பெடல் ஒரு சுற்று சுற்றும்போது சைக்கிள் சுமார் 9.5 மீட்டர் நகரும். 8 சதவீத மேட்டில் அது 76 செ.மீ. உயரம், சாப்பாட்டு மேசை உயரத்துக்கு 85 கிலோவை ஒரே சுற்றில் தூக்குகிறீர்கள். முன்னால் 34, பின்னால் 34 என்று மாற்றினால் ஒரு சுற்றுக்கு 2.1 மீட்டர், உயரம் 17 செ.மீ. ஒரு மாடிப்படி. மேசை மேல் தாவுவதற்கும் படியேறுவதற்கும் முழங்காலுக்குள்ள வித்தியாசத்தை யோசித்துப் பாருங்கள். அந்த 34-34லும்கூட 100 வாட்டுக்கு நிமிடத்துக்கு 40 சுற்றுதான் வரும், கால் திணறும். செங்குத்தான தெருக்களில் ஓட்டுபவர்கள் முன் பல்சக்கரத்தில் இருப்பதைவிடப் பின்னால் அதிகப் பற்களைப் பொருத்திக்கொள்வதை நான் பலவீனமாகப் பார்க்கவே மாட்டேன். டூர் டி பிரான்ஸ் பந்தயத்திலேயே செயினை இடம் மாற்றும் கியர் அமைப்பை 1937இல்தான் அனுமதித்தார்கள். அதற்கு முன் மலையடிவாரத்தில் இறங்கி, பின்சக்கரத்தைக் கழற்றி, மறுபக்கத்தில் பல் அதிகமுள்ள வளையம் செயினுக்கு வரும்படித் திருப்பி மாட்டிக்கொண்டு ஏறினார்கள்.

கியரை எப்போது மாற்றுகிறோம் என்பது முக்கியம். செயின் பக்கவாட்டில் நகர்ந்து அடுத்த பல்லில் ஏற வேண்டும். மேட்டின் நடுவில், முழு பலத்தோடு மிதிக்கும்போது மாற்றினால் விறைத்து நிற்கும் செயின் 'கடக் கடக்' என்று பற்களைக் கடிக்கும். சில நேரம் கழன்றும் விடும். மேடு தொடங்கும் முன்பே மாற்றிவிடுங்கள். தவறிவிட்டால், ஒரு சுற்று மட்டும் மிதிப்பைத் தளர்த்தி, அந்த இடைவெளியில் மாற்றுங்கள்.

இனி இறக்கம். 100 மீட்டர் உயரத்திலிருந்து இறங்கும் 85 கிலோ விடுவிக்கும் ஆற்றல் சுமார் 83 கிலோஜூல். கால் லிட்டர் தண்ணீரை 20 டிகிரியிலிருந்து கொதிநிலைக்குக் கொண்டுபோக அது போதும். ஏறும்போது சேர்த்து வைத்தது இதுதான். பிரேக்கே பிடிக்காமல் 8 சதவீதச் சரிவில் விட்டால், வேகம் 60 கி.மீ.யைத் தாண்டிய பிறகே காற்று சரிவின் இழுப்பை ஈடுகட்டும். குறுக்குத் தெருவும் சிக்னலும் உள்ள நகரத்தில் யாரும் அப்படி விட முடியாது. ஆகவே ஆற்றலில் பெரும்பகுதி பிரேக்கில் வெப்பமாகிறது. கீழே வந்து நின்றதும் பிரேக் பற்றிப் பிடிக்கும் டிஸ்க் தகட்டை விரலால் தொட்டுவிடாதீர்கள், தோல் பொசுங்கும்.

பயந்து, இறக்கம் முழுக்க பிரேக்கை லேசாகப் பிடித்தபடியே 15 கி.மீ.யில் உருள்பவர்கள் உண்டு. அந்த வேகத்தில் காற்று வாங்கிக்கொள்வது ஆறு சதவீதம்தான்; மீதி பெரும்பாலும் பிரேக் தலையில். 40 கி.மீ.யில் காற்றே ஐந்தில் இரண்டு பங்கை வாங்கிக்கொள்ளும். ஆகவே பார்வை தெளிவாக எட்டும் நேர்ச் சாலையில் கொஞ்சம் ஓடவிட்டு, வளைவுக்கு முன்பே இரண்டு பிரேக்கையும் சீராக அழுத்தி வேகத்தைக் குறைத்து, பிறகு விட்டுவிடுங்கள். விட்ட நொடிகளில் தகடு ஆறும். பிரேக் பிடிக்கையில் உடல் எடை முன்சக்கரத்துக்குச் சாயும் என்பதால், நிறுத்தும் வேலையில் பெரும்பங்கு முன் பிரேக்குடையது. சாலை ஈரமாக இருந்தால் இதையெல்லாம் இன்னும் முன்கூட்டியே தொடங்க வேண்டும்.