அப்பா ஏன் ‘தே’ ஆகிறார்?

அலுவலகங்களிலிருந்து போகும் ஆங்கிலக் கடிதங்களைத் திருத்திக் கொடுப்பது என் தொழில். ‘ஐ, மை, மீ, மைன்’ என்று பள்ளியில் ஒப்பித்த பட்டியலை யாரும் மறந்துவிடவில்லை. ஆனாலும் என் பேனா அதிகம் நிற்பது பிரதிப்பெயர்களில்தான். தமிழில் வினைமுற்றும் ‘தன்’னும் ‘அவர்’ என்பதும் பார்த்துக்கொள்கிற வேலைகளை ஆங்கிலம் வேறு விதமாகச் செய்கிறது. சிக்கல் அங்கிருந்து வருகிறது.

‘மேலாளர் வந்தார்’ என்றால் மரியாதை முடிந்தது. ஆணா பெண்ணா என்று சொல்லும் கட்டாயமில்லை. ஆங்கிலத்தில் அந்தச் சௌகரியம் கிடையாது. அதனால் பெண் மேலாளர் ‘ஹீ’ ஆகிறார்; மரியாதை குறையக்கூடாதென்று அப்பா ‘தே’ ஆகிறார். ‘மை ஃபாதர் இஸ் சிக். தே ஆர் இன் ஹாஸ்பிடல்’ என்று விடுப்புக் கடிதம் போனால், வீட்டில் எத்தனை பேருக்கு உடம்பு சரியில்லை என்றுதான் படிப்பவர் நினைப்பார். ஆங்கிலத்தில் ‘ஹீ’ என்பதில் அவமரியாதை எதுவும் இல்லை. பிரிட்டிஷ் அரசரைப் பற்றிய செய்தியிலும் ‘ஹீ’தான் வரும்.

இதைக் கேட்டுவிட்டு, ஒருமைக்கு ‘தே’ வரவே கூடாது என்று முடிவுகட்டிவிட வேண்டாம். ஆள் யாரென்று தெரியாத இடத்தில் அது 14ஆம் நூற்றாண்டிலிருந்தே வழக்கில் இருக்கிறது. தம்மை ‘தே’ என்றே குறிப்பிடச் சொல்பவர்களும் உண்டு. மெரியம்-வெப்ஸ்டர் அகராதி 2019ஆம் ஆண்டின் சொல்லாக இதைத் தேர்ந்தெடுத்தது. ‘இஃப் எ கஸ்டமர் கால்ஸ், ஆஸ்க் தெம் டு வெயிட்’ என்பது பிழையே அல்ல.

உண்மையான ஆபத்து ‘ஹிஸ்’ஸில் இருக்கிறது. ‘முருகன் டோல்டு செல்வம் தட் ஹிஸ் லைசென்ஸ் ஹேட் எக்ஸ்பயர்டு.’ இருவருமே ஓட்டுநர்கள். யாருடைய உரிமம் காலாவதியானது? தமிழில் ‘தன் உரிமம்’ என்று எழுதினால் அது முருகனுடையது. ‘செல்வத்தின் உரிமம்’ என்றால் சந்தேகமே இல்லை. ஆங்கிலத்தில் ‘தன்’னுக்கு நேரான சொல் இல்லாததால் ‘ஹிஸ்’ இருவருக்கும் பொருந்தி நிற்கிறது. விபத்து விசாரணைக்குப் போகும் விளக்கக் கடிதத்தில் இப்படி ஒரு வரி இருந்தால், தவறு செய்யாதவர் பதில் சொல்ல வேண்டியிருக்கும். ஒரே பெயரைத் திரும்பத் திரும்ப எழுதக்கூடாது என்று பள்ளியில் சொன்னது கட்டுரைப் போட்டிக்குச் சரி. புகார், விசாரணை, ஒப்பந்தம் என்றால் கூச்சப்படாமல் பெயரையே மீண்டும் எழுதுங்கள். வாடகை ஒப்பந்தங்களைப் பாருங்கள்: உரிமையாளர், வாடகைதாரர் என்று ஒவ்வொரு பிரிவிலும் சலிக்காமல் எழுதியிருப்பார்கள்.

‘வீ’யும் இதே ரகம். ‘வீ ஹேவ் டு பே தி லாரி சார்ஜ்’ என்று வாடிக்கையாளருக்கு எழுதினால், கட்டுவது நாங்களா, நாமா? நிறுவனத்தின் பெயரைப் போட்டுவிட்டால் பேச்சுக்கே இடமில்லை.

தமிழில் ‘கேட்டார், கொடுத்தேன்’ என்று இரண்டே சொல்லில் காரியம் முடியும். அதே பழக்கத்தில் ‘ஹீ ஆஸ்க்டு, ஐ கேவ்’ என்று எழுதினால் எதைக் கொடுத்தீர்கள் என்று வாக்கியம் அந்தரத்தில் தொங்கும். ‘ஐ கேவ் இட் டு ஹிம்’ என்று முழுமையாக எழுத வேண்டும்.

‘ஐ’யா ‘மீ’யா என்ற குழப்பத்துக்கு எளிய வழி, கூட இருப்பவரை எடுத்துவிட்டுப் படிப்பது. ‘சென்ட் இட் டு குமார் அண்ட் ஐ’ என்பதில் குமாரை நீக்கினால் ‘சென்ட் இட் டு ஐ’, காதே மறுத்துவிடும். எனவே ‘மீ’. ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்களும், ‘ஐ’ என்றால் கௌரவம் என்று நினைத்து இங்கே சறுக்குவதுண்டு. ‘ப்ளீஸ் கான்டாக்ட் குமார் ஆர் மைசெல்ஃப்’ என்பதற்கும் அதே சோதனைதான். அங்கும் ‘மீ’ போதும். நேர்காணலில் ‘மைசெல்ஃப் ரமேஷ்’ என்று தொடங்குபவர்கள் ‘ஐ ஆம் ரமேஷ்’ என்று சொன்னால் போதும்.