பயாப்ஸி எடுத்ததால் லிம்போமா வேகமெடுப்பதில்லை

"கத்தி பட்டால் கட்டி சீறிவிடுமாமே டாக்டர்?" இந்த வாரமும் ஒருவர் கேட்டார். அவருக்கு மெதுவாக வளரும் ஃபாலிகுலர் லிம்போமா, அதாவது நிணநீர்ச் செல்களில் வரும் ஒரு வகைப் புற்றுநோய். சிகிச்சை எதுவும் இல்லாமல் கண்காணிப்பில் இருந்தவர். கழுத்தில் ஒரு கட்டி மட்டும் மளமளவென்று பெருத்தது. யாரோ சொன்னதைக் கேட்டு பயாப்ஸியை (கட்டியிலிருந்து திசு எடுத்துப் பரிசோதிப்பதை) மாதக்கணக்கில் தள்ளிப்போட்டிருக்கிறார். இப்படி வருகிறவர்களைப் பார்க்கும்போது வருத்தத்தோடு கோபமும் வருகிறது.

நடப்பதை வரிசையாகப் பாருங்கள். கட்டி முதலில் பெருக்கிறது. அதனால்தான் பயாப்ஸி கேட்கிறோம். 'வேகமான லிம்போமா' என்று முடிவு வருகிறது. வீட்டுக்குப் போனதும் இந்த வரிசை தலைகீழாகி, பயாப்ஸி எடுத்ததால் வேகமானது என்றாகிவிடுகிறது. கத்தியும் ஊசியும் லிம்போமாவின் குணத்தை மாற்றாது. மாற்றம் செல்லுக்குள்ளே, மரபணுவில் நடக்கிறது.

ஃபாலிகுலர் லிம்போமாவில் பெரும்பாலும் 14, 18 ஆம் குரோமோசோம்கள் துண்டுகளை மாற்றிக்கொண்டிருக்கும். அதனால் பிசிஎல்2 என்ற மரபணு ஓயாமல் வேலை செய்யும், சாக வேண்டிய செல் சாகாது. அப்புறம் செல் பெருக்கத்துக்குக் கடிவாளம் போடும் மரபணுக்களில் டிபி53 கெடுவது, சிடிகேஎன்2ஏ தொலைவது, செல்லைப் பெருகத் தூண்டும் மிக் மரபணு முடுக்கப்படுவது என்று புதிய பிறழ்வுகள் சேர்ந்த ஒரு செல்கூட்டம் மற்றவற்றை முந்திவிடும், நோய் வேகமான வகையாக மாறிவிடும். ஆண்டுக்குச் சுமார் 2 முதல் 3 சதவீதம் பேருக்கு இது நேர்கிறது. இவை அந்தக் கட்டியின் செல்களில் பிற்பாடு வந்த பிறழ்வுகள், பிள்ளைகளுக்குப் போகாது.

"மறுபடி பயாப்ஸி எதற்கு, பழைய ரிப்போர்ட் இருக்கிறதே" என்பார்கள். அது அன்றைக்கு, அந்தக் கட்டியில் இருந்த நிலை. உடம்பில் ஓரிடம் மாறியிருக்க, மற்ற இடங்கள் பழையபடியே இருக்கலாம். அதனால்தான் செல்கள் சர்க்கரையை எவ்வளவு இழுக்கின்றன என்று காட்டும் பெட் ஸ்கேனில் அதிகம் ஒளிரும் கட்டியைத் தேர்ந்தெடுக்கிறோம். முடிந்தால் முழு நிணநீர்க் கணுவையே எடுக்கச் சொல்லுங்கள். மெல்லிய ஊசியில் உறிஞ்சிய சில செல்களை வைத்துக்கொண்டு நோயியல் மருத்துவர் பாவம், என்ன சொல்ல முடியும்?

ஒரு கட்டி மட்டும் வேகமாக வளர்ந்தாலோ, காரணம் தெரியாத காய்ச்சல் வந்தாலோ, இரவில் உடை நனையும்படி வியர்த்தாலோ, 6 மாதத்தில் எடை பத்தில் ஒரு பங்கு குறைந்தாலோ அடுத்த அப்பாயின்ட்மென்ட் வரை காத்திருக்காதீர்கள். ரத்தத்தில் எல்டிஎச் என்ற நொதி திடீரென ஏறியிருந்தாலும் அப்படித்தான். மூச்சுத் திணறலோ முக வீக்கமோ இருந்தால் நேரே அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

இன்னொன்றைக் கெஞ்சிக் கேட்கிறேன். பயாப்ஸிக்கு முன்னால் நீங்களாக ஸ்டீராய்டு மாத்திரை வாங்கிப் போடாதீர்கள். கட்டி தற்காலிகமாகச் சுருங்கிவிடும், பரிசோதனையில் நோய் சரியாகத் தெரியாமல் போகும்.