ஒரு லிட்டர் டீசலில் பேரம் பேச முடிவது எவ்வளவு?

இங்கிலாந்தில் குப்பை லாரிக்கும், பனிக்காலத்தில் சாலையில் உப்பு தூவும் வண்டிக்கும், எரிவாயுக் குழாய் எட்டாத கிராமப் பள்ளியின் பாய்லருக்கும் எண்ணெய் வாங்குவது உள்ளாட்சி மன்றங்களின் பொறுப்பு. பல மன்றங்கள் தனியாக டெண்டர் விடுவதில்லை. 1974இல் தொடங்கிய ஒய்பிஓ, ஆறு மன்றங்களுக்குச் சொந்தமான ஈஎஸ்பிஓ போன்ற பொதுக் கொள்முதல் அமைப்புகள் எல்லாருக்கும் சேர்த்து டெண்டர் விட்டு, தகுதியான விநியோகஸ்தர்களைத் தேர்ந்தெடுத்து, பெரும்பாலும் நான்கு ஆண்டுகளுக்கு ஃபிரேம்வொர்க் ஒப்பந்தம் போட்டு வைக்கின்றன. மன்றம் அதன்படி நேரடியாக ஆர்டர் கொடுக்கலாம். பட்டியலில் உள்ளவர்களுக்குள் மட்டும் குறும்போட்டி வைத்தும் வாங்கலாம்.

ஆயிரம் பேர் சேர்ந்து வாங்கினாலும் எண்ணெயின் சந்தை விலை அசையாது. ஒப்பந்தங்கள் பொதுவாக பிளாட்ஸ் நிறுவனம் தினமும் வெளியிடும் வடமேற்கு ஐரோப்பிய விலையைப் பின்தொடர்கின்றன. முந்தைய வாரச் சராசரியை இந்த வார விலையாக எடுப்பது பரவலான முறை. அந்த விலை டன்னுக்கு இத்தனை டாலர் என்று வரும். உதாரணத்துக்கு டன் 700 டாலர், ஒரு பவுண்டுக்கு 1.27 டாலர் என்று வைத்துக்கொள்வோம். ஒரு டன் டீசல் சுமார் 1,183 லிட்டர் என்பதால், லிட்டருக்கு ஏறக்குறைய 46.6 பென்ஸ் (நூறு பென்ஸ் ஒரு பவுண்டு) ஆகிறது. இதன் மேல் எரிபொருள் தீர்வை; 2022 மார்ச்சில் அது 57.95 பென்ஸிலிருந்து 52.95 பென்ஸாகக் குறைக்கப்பட்டது. வாட் வரியை மன்றங்கள் திரும்பப் பெற முடியும், தீர்வையைப் பெற முடியாது. மிஞ்சுவது விநியோகஸ்தரின் மேல்தொகை. கொண்டுவந்து இறக்கும் செலவும் லாபமும் அடங்கிய சில பென்ஸ்தான் அது. போட்டி முழுவதும் அந்தச் சில பென்ஸுக்குள்ளேதான் நடக்கிறது.

அந்த மேல்தொகையைத் தீர்மானிப்பது ஒரே இடத்தில் எவ்வளவு இறக்குகிறார்கள் என்பது. பெரிய டேங்கர் ஒரு டிப்போவில் 36,000 லிட்டரை மொத்தமாக இறக்கிவிட்டுப் போகும். குறுகிய சந்துக்குள் இருக்கும் பள்ளிக்குச் சின்ன வண்டி வேண்டும். 900 லிட்டருக்காகவும் அதே ஓட்டுநர், அதே ஹோஸ், அதே ரசீது. அதனால்தான் இறக்கும் அளவுவாரியாகத் தனித்தனி விலை கேட்கிறார்கள். அக்கம்பக்கத்துப் பள்ளிகள் ஒரே நாளில் ஆர்டர் கொடுத்தால் ஒரே சுற்றில் முடிந்துவிடும். கூட்டாக வாங்குவதன் உண்மையான லாபம் இங்கேதான் இருக்கிறது, பலர் இதைக் கவனிப்பதே இல்லை.

இதற்குத் தொட்டியில் எவ்வளவு எண்ணெய் இருக்கிறது என்பது எப்போதும் தெரிந்திருக்க வேண்டும். தொட்டி வற்றிய பிறகு ஆர்டர் கொடுக்க ஓடினால் அவசரக் கட்டணத்தோடு நிற்காது. அடியில் கிடக்கும் கசடும் நீரும் குழாயில் ஏறி, காற்றும் புகுந்து, பாய்லர் நின்றுவிடும். எண்ணெய் வந்த பிறகும் மெக்கானிக் வந்து காற்றை வெளியேற்ற வேண்டும். மாறாக, இடமில்லாத தொட்டிக்கு ஆர்டர் கொடுத்தாலும் சிக்கல். 10,000 லிட்டர் தொட்டியை விளிம்புவரை நிரப்பக் கூடாது, 9,500 லிட்டரோடு நிறுத்துவது பாதுகாப்பு. கசிந்தால் தாங்க வேண்டிய வெளிச்சுற்றுத் தொட்டி, உள்தொட்டியின் கொள்ளளவில் குறைந்தது 110 சதவீதம் கொள்ள வேண்டும் என்பது இங்கிலாந்தின் 2001ஆம் ஆண்டு விதி.

ரசீதில் உள்ள லிட்டர் எந்த வெப்பநிலையில் கணக்கிட்டது என்பதையும் ஒப்பந்தத்தில் எழுதி வைக்க வேண்டும். டீசல் ஒரு பாகை (டிகிரி செல்சியஸ்) வெப்பத்துக்குச் சுமார் 0.083 சதவீதம் விரிகிறது. 20,000 லிட்டர் டீசல், தரநிலையான 15 பாகையை விட 10 பாகை சூடாக இருந்தால், 165 லிட்டருக்கு மேல் வெறும் விரிவுதான்.

பெரிய அளவில் வாங்குவதற்கும் ஒரு எல்லை உண்டு. உப்பு தூவும் வண்டிக்காகச் செப்டம்பரில் தொட்டியை நிரப்பினால், உள்ளே இருப்பது கோடைக்கால டீசல். குளிரில் டீசலிலுள்ள மெழுகு உறையும்; அது ஃபில்டரை அடைக்காமல் ஓடுவதற்கு உறுதி −5 பாகை வரைதான். நவம்பர் 16 முதல் விற்கப்படும் குளிர்கால டீசலுக்கு அது −15 பாகை. டீசலில் 7 சதவீதம் வரை கலந்திருக்கும் தாவர எஸ்டர், அதாவது பயோடீசல், ஈரத்தை இழுக்கும். நீர் தேங்கினால் நுண்ணுயிர் வளர்ந்து சளிபோலப் படரும். மெதுவாகச் செலவாகும் தொட்டியை இலையுதிர்காலத்தில் தாழ விட்டு, அடி நீரை வடித்து, நவம்பர் பின்பாதியில் நிரப்புவதே சரி. அதற்காக லிட்டருக்கு ஒரு பென்ஸ் கூடுதலானாலும் கொடுக்கலாம்.