பேட்டை

சைதாப்பேட்டை, ராயப்பேட்டை, தண்டையார்பேட்டை, வண்ணாரப்பேட்டை... சென்னையில் பேட்டைகளுக்குப் பஞ்சமே இல்லை. கோட்டைக்கோ நகருக்கோ வெளியே, சந்தையும் கைத்தொழிலுமாக வளர்ந்த குடியிருப்புக்குத்தான் பேட்டை என்று பெயர். கன்னடத்தில் பேட்டெ, தெலுங்கில் பேட்ட, மராத்தியில் பேட். வெள்ளைக்காரர்களும் இந்தச் சொல்லை எடுத்துக்கொண்டு ‘பெட்டா’ ஆக்கினார்கள். கொழும்புக் கோட்டையை ஒட்டிய கடைவீதிப் பகுதிக்கு ஆங்கிலத்தில் இன்றும் அதுதான் பெயர். அங்குள்ள தமிழர்களோ அதைப் புறக்கோட்டை என்கிறார்கள். பேட்டைக்கு இதைவிடச் சுருக்கமாகப் பொருள் சொல்ல முடியாது.

ஒரு பேட்டை எப்படி உருவாகும் என்பதற்குச் சிந்தாதிரிப்பேட்டை நல்ல உதாரணம். ஏற்றுமதிக்குத் துணி வேண்டும் என்று கிழக்கிந்தியக் கம்பெனி 1734இல் திட்டம் போட்டு உண்டாக்கிய ஊர் அது. கூவம் வளைந்து ஓடும் இடத்தில் சுங்குராமர் என்ற வணிகரின் தோட்டம் இருந்தது. அந்த நிலத்தில் நூற்பவர், நெய்பவர், துணியில் வண்ணம் தீட்டுபவர், வெளுப்பவர் என எல்லோரையும் கூட்டிவந்து குடிவைத்தார்கள். ஆதிகேசவப் பெருமாளுக்கும் ஆதிபுரீசுவரருக்கும் பக்கத்துப் பக்கத்தில் கோயில்களும் எழுந்தன. ‘சின்னத் தறிப்பேட்டை’தான் சிந்தாதிரிப்பேட்டை ஆனது என்பார்கள். இப்போது அங்கே போனால் மீன் மார்க்கெட், பறக்கும் ரயில் நிலையம், நெருக்கியடித்த கடைகள். கோட்டைக்கு வெளியே இருந்த ஊர் இன்று நகரத்தின் நடுவில் இருக்கிறது. பேட்டை என்ற பெயர் மட்டும் போகவில்லை.

பேச்சில் இந்தச் சொல் ‘நம்ம ஏரியா’ என்ற அளவுக்குச் சுருங்கிவிட்டது. ‘பேட்டை ரவுடி’யில் இருப்பது அந்தப் பேட்டைதான். பழைய பொருள் தொழிற்பேட்டையில் பிழைத்திருக்கிறது. ‘இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்’டுக்கு இப்படிப் பெயர் வைத்தவர் விவரமானவர்!

சரி, ‘சபர்ப்’ என்பதற்கும் பேட்டை என்றே சொல்லலாமா? வேண்டாம். பேட்டை என்றால் அங்கே ஒரு தொழிலோ வணிகமோ நடக்க வேண்டும். வேலைக்கு நகரத்துக்குப் போய்விட்டு ராத்திரி வந்து படுக்கும் இடத்துக்குப் புறநகர்தான் பொருத்தம். புறஞ்சேரி என்ற பழைய சொல்லும் இருக்கிறது. மதுரைக்கு வந்த கோவலனும் கண்ணகியும் முதலில் தங்கியது புறஞ்சேரியில். சிலப்பதிகாரத்தில் ஒரு காதைக்கே ‘புறஞ்சேரி இறுத்த காதை’ என்று பெயர். ஆனால் சேரி என்ற சொல் இன்று வேறு பொருள் ஏற்றுக்கொண்டுவிட்டதால் அது புழக்கத்துக்கு உதவாது.

புறநகருக்கும் சிக்கல் இல்லாமல் இல்லை. 1931இல் கடற்கரையிலிருந்து தாம்பரத்துக்கு மின்சார ரயில் ஓடத் தொடங்கியது. அதைப் புறநகர் ரயில் என்றே இப்போதும் சொல்கிறோம். தாம்பரம் 2021இல் தனி மாநகராட்சியாகிவிட்டது. இப்போது அதற்கே புறநகர்கள் இருக்கின்றன.