6203 என்று மட்டும் சொல்லி பேரிங் வாங்காதீர்கள்

கோயம்புத்தூரில் எந்த பேரிங் கடையில் போய் 6203 கேட்டாலும் உடனே கிடைக்கும். பம்ப், மோட்டார் செய்கிற ஊர். அது இங்கே அன்றாடச் சரக்கு. பல கார்களில் என்ஜின் பெல்ட்டைத் தொய்யாமல் அழுத்திப் பிடிக்கும் சக்கரமான பெல்ட் டென்ஷனர் புல்லிக்குள் இருப்பதும் இதே எண்தான். முதல் இலக்கம் 6 என்றால் ஆழப்பள்ளம் உள்ள பால் பேரிங். 2 அளவு வரிசை. 03 என்றால் உள்துளை 17 மி.மீ. வெளிவிட்டம் 40, அகலம் 12. மோட்டாரில் இருந்தாலும் காரில் இருந்தாலும் இந்த அளவுகள் மாறாது. ஆனால் மோட்டாருக்கென்று வைத்திருப்பதை வாங்கி காரில் போட்டால், சீக்கிரமே மறுபடி கத்தத் தொடங்கிவிடும்.

பேரிங்கின் பந்துகள் உருளும் இரண்டு வளையங்களைத்தான் ரேஸ் என்பார்கள். மோட்டாரில் சுற்றுவது உள் ரேஸ். வெளி ரேஸ் கவருக்குள் சும்மா நிற்கிறது. புல்லியில் இது தலைகீழ். உள் ரேஸ் போல்ட்டில் இறுகி நிற்க, வெளி ரேஸ் புல்லியோடு சேர்ந்து சுற்றுகிறது. வேகமும் வேறு. பெல்ட்டை ஓட்டும் என்ஜின் தண்டின் கிராங்க் புல்லி 150 மி.மீ., டென்ஷனர் புல்லி 70 மி.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள். என்ஜின் 3000 சுற்றில் ஓடும்போது டென்ஷனர் புல்லி நிமிடத்துக்கு 6400 சுற்றைத் தாண்டுகிறது. வெளி ரேஸ் சுற்றும்போது பந்துகளும் கூடுதல் வேகத்தில் வலம் வரும். 2880 சுற்று மோட்டாரில் பந்துகள் நிமிடத்துக்கு ஏறத்தாழ 1100 முறை சுற்றி வந்தால், இங்கே 4000-ஐ ஒட்டிச் சுற்றுகின்றன. என்ஜின் சூடு வேறு சேர்கிறது. சாதாரண கிரீஸ் இதில் எண்ணெய் வற்றிக் காய்ந்துவிடும்.

அதனால் 6203-க்குப் பின்னால் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். ZZ என்றால் இரண்டு பக்கமும் தகர மூடி. அது உள் ரேஸைத் தொடாது, மெல்லிய சந்து இருக்கும். பாலக்காட்டுக் கணவாய்க் காற்றில் வரும் புழுதிக்கும், பொள்ளாச்சிப் பக்கத்துத் தென்னைநார்த் தூசிக்கும் அந்தச் சந்து போதும். 2RS என்றால் ரப்பர் சீல், உதடு ரேஸைத் தொட்டு நிற்கும். காருக்கு இதுதான் வேண்டும். அடுத்தது C3. புல்லிக்குள் இறுக்கி அடிக்கும்போது வெளி ரேஸ் கொஞ்சம் சுருங்கி, உள்ளிருக்கும் இடைவெளி குறையும். சாதாரண 6203-இல் அந்த இடைவெளி 3 முதல் 18 மைக்ரான். C3-இல் 11 முதல் 25. சுருங்கிய பிறகும் பந்து உருள இடம் மிஞ்ச வேண்டும் என்பதற்காகத்தான் இது. அதிக வெப்பம் தாங்கும் பாலியூரியா கிரீஸ் போட்டதா என்றும் கேட்டு வாங்குங்கள்.

பேரிங்தான் போயிருக்கிறதா என்று முதலில் உறுதி செய்ய வேண்டும். பெல்ட் போகும் வழியை போட்டோ எடுத்துக்கொண்டு, டென்ஷனர் கையை ஸ்பானரால் தளர்த்தி, பெல்ட்டைக் கழற்றி, புல்லியை விரலால் சுண்டிவிடுங்கள். நல்ல சீல் பேரிங் லேசான பிடிப்போடு சுற்றிச் சட்டென்று நின்றுவிடும். உலர்ந்த சத்தத்தோடு பம்பரமாகச் சுற்றினால் உள்ளே கிரீஸ் இல்லை. தாராளமாகச் சுற்றுகிறதே, நல்ல பேரிங் என்று நிறையப் பேர் ஏமாறுவது இங்கேதான். விளிம்பைப் பிடித்து ஆட்டினால் ஆட்டம் தெரிந்தாலும் பேரிங் முடிந்தது.

புல்லி போல்ட்டைக் கழற்றும் முன் மரையைப் பாருங்கள். சில மாடல்களில் இடது மரை, வழக்கத்துக்கு எதிர்ப்பக்கம் சுற்றினால்தான் கழலும். தெரியாமல் பலம் போட்டால் போல்ட் முறியும். பேரிங் எவ்வளவு ஆழத்தில் உட்கார்ந்திருக்கிறது என்று வெர்னியரால் அளந்து எழுதி வையுங்கள். பேரிங்கை நகராமல் பிடிக்கும் சர்க்ளிப் வளையம் இருந்தால் எடுத்துவிட்டு, புல்லியை ஒரு பைப் துண்டின் மேல் வைத்து, பழைய பேரிங்கை வைஸில் அழுத்தி வெளியே தள்ளலாம். பேரிங்கைச் சுற்றியே வார்த்த பிளாஸ்டிக் புல்லி என்றால் இந்த வேலைக்கே இறங்காதீர்கள். முழுப் புல்லியையும் மாற்றுங்கள்.

புதிது கட்டைவிரல் அழுத்தத்திலேயே உள்ளே போனால் புல்லித் துளை தேய்ந்துவிட்டது. சென்டர் பஞ்சால் குத்தி இறுக்கித் தரும் பட்டறைகள் உண்டு. அது நிற்காது. துளை சரியாக இருந்தால் இரும்புப் புல்லியை அப்போதிருக்கும் சூட்டைவிட 60 டிகிரி அளவுக்குக் கூடுதலாகச் சூடாக்குங்கள், 40 மி.மீ. துளை ஏறத்தாழ 0.03 மி.மீ. விரியும். பேரிங்கைச் சூடாக்கக் கூடாது. அழுத்தும்போது சாக்கெட் வெளி ரேஸில் மட்டும் பட வேண்டும். உள் ரேஸில் அழுத்தினால் மொத்த விசையும் பந்துகள் வழியாகப் போய், பள்ளத்தில் கண்ணுக்குத் தெரியாத குழிகளைப் பதிக்கும். புத்தம் புது பேரிங் அன்றைக்கே ஊளையிடுவது இப்படித்தான். சுத்தியலால் அடிப்பதும் அதே சேதத்தைத்தான் செய்யும். பழைய பேரிங்கின் வெளி ரேஸை லேசாகச் சாணை பிடித்து வைத்துக்கொண்டால் அழுத்த அருமையான வளையம்.

முன்பு அளந்த ஆழத்திலேயே புதியதும் உட்கார வேண்டும், இல்லையென்றால் பெல்ட் ஒரு பக்கம் ஏறித் தேயும். போல்ட்டை அந்த மாடலுக்கான டார்க் (முறுக்கு விசை) அளவில் இறுக்கி, தூசி மூடியை மறக்காமல் மாட்டுங்கள். சர்வீஸ் ஸ்டேஷனில் அழுத்தத் தண்ணீரை அந்தப் பக்கம் நேராக அடிக்க விடாதீர்கள். சீல் உதட்டைத் தள்ளிக்கொண்டு தண்ணீர் உள்ளே போகும்.

இதெல்லாம் ஆல்டர்னேட்டர், ஏ.சி. கம்ப்ரசரை ஓட்டும் வெளிப் பெல்ட்டுக்குத்தான். வால்வுகளின் இயக்கத்தை ஓட்டும் டைமிங் பெல்ட்டின் டென்ஷனரில் பேரிங்கை மட்டும் மாற்றிப் பார்க்கவே வேண்டாம். அது பிடித்துக்கொண்டு பெல்ட் போனால், பல என்ஜின்களில் பிஸ்டன் வால்வில் மோதும்.

எல்லாம் மாட்டியபின் என்ஜினை ஐடிலில் ஓடவிட்டு டென்ஷனர் கையைக் கவனியுங்கள். லேசான அசைவு இருக்கலாம். படபடவென்று துடித்தால் ஸ்பிரிங்கோ அதன் புஷ்ஷோ தேய்ந்திருக்கும். அப்போது டென்ஷனரை முழுதாக மாற்றத்தான் வேண்டும்.