விமானத் தடங்கள் வெட்டிக்கொள்ளும் கோணமும் உங்கள் தாமதமும்

கதவைச் சாத்திய பிறகும் விமானம் நகராது. "ஏடிசி அனுமதிக்காகக் காத்திருக்கிறோம்" என்பார் விமானி. ஜன்னல் வழியே பார்த்தால் வானம் காலியாகத்தான் தெரியும். ஓடுபாதை நெரிசல் பலருக்கும் தெரிந்த காரணம். அந்த ஏடிசியில், அதாவது விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டில், வேலை செய்பவன் என்ற முறையில், அதிகம் பேசப்படாத இன்னொரு காரணத்தைச் சொல்கிறேன்: மேலே தடங்கள் ஒன்றையொன்று வெட்டும் விதம்.

ரேடார் கண்காணிப்பில், ஒரே உயரத்தில் பறக்கும் இரு விமானங்களுக்கு இடையே வழக்கமாக 5 கடல் மைல் இருக்க வேண்டும். ஒரே தடத்தில் ஒரே வேகத்தில் பின்தொடர்ந்தால் அந்த 5 மைல் போதும். இரு தடங்களும் செங்குத்தாக வெட்டினால் போதாது. முதல் விமானம் சந்திப்பில் இருக்கும்போது அடுத்தது 5 மைல் தள்ளி வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். சுமார் 20 நொடியில் இடைவெளி மூன்றரை மைலாகச் சுருங்கிவிடும். அதனால் 7 மைலுக்குச் சற்று மேலேயே விட வேண்டும். திசைகளுக்கு இடையே 120 பாகை என்றால் 10 மைல். வேகம் மாறவில்லை, கோணம்தான் மாறியது. அதற்கே ஒரு மணி நேரத்தில் அந்தச் சந்திப்பைக் கடக்கும் விமானங்கள் குறைந்துவிடும்.

சரி, உயரத்தால் பிரிக்கலாமே? பிரிக்கிறோம், 1,000 அடி. கிழக்குப் பாதியை நோக்கிப் போனால் 35,000, 37,000 அடி என்று ஆயிரங்களின் எண்ணிக்கை ஒற்றைப்படை. மேற்குப் பாதிக்கு இரட்டைப்படை. எதிரெதிரே வருபவற்றுக்கு இது நல்ல ஏற்பாடு. ஆனால் டெல்லியிலிருந்து கொழும்புக்குச் சற்றே தென்கிழக்காக வரும் விமானமும், வளைகுடாவிலிருந்து சிங்கப்பூருக்குப் போகும் விமானமும் கேட்பது அதே ஒற்றைப்படை உயரங்களைத்தான். தென்னிந்தியாவின் மேல் இரண்டும் குறுக்கிடுகின்றன.

சென்னையைச் சுற்றி இடமும் குறைவு. தென்மேற்கே தாம்பரம் விமானப்படைத் தளம், மேற்கே அரக்கோணத்தில் கடற்படையின் ஐஎன்எஸ் ராஜாளி, வடக்கே ஸ்ரீஹரிகோட்டா. ராக்கெட் ஏவும் நாளில் வங்கக் கடலின் மேல் ஒரு பகுதியை மூடுகிறார்கள். அங்கிருந்து விலகும் விமானங்கள் பக்கத்துத் தடத்துக்கு வருகின்றன, அங்கே புதுச் சந்திப்புகள் முளைக்கின்றன. கட்டுப்பாட்டாளர் ஒருவரால் ஒரே நேரத்தில் இத்தனை சந்திப்புகளைத்தான் கவனிக்க முடியும். அதைத் தாண்டும் என்று தெரிந்தால் விமானத்தைத் தரையிலேயே நிறுத்துவதுதான் நல்லது. மேலே வட்டமடிக்க விட்டால் ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 4 நிமிட எரிபொருள் வீண்.

2020 மே மாதம் நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன், இந்திய வான்வெளியில் 60 சதவீதம்தான் பயணிகள் விமானங்களுக்குத் தடையின்றிக் கிடைக்கிறது என்றார். கட்டுப்பாடுகளைத் தளர்த்தினால் ஆண்டுக்கு 1,000 கோடி ரூபாய் மிச்சமாகும் என்றும் சொன்னார். திறக்க வேண்டியதுதான், அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் புதிதாகக் கிடைக்கும் இடத்தில் குறுக்குவழிகளை மட்டும் வரைந்துவிட்டு நிறுத்தக் கூடாது. சில மைல் கூடினாலும் போக ஒன்று, வர ஒன்று என்று இணையான ஒருவழித் தடங்கள் அமைக்க வேண்டும். வெட்டித்தான் ஆக வேண்டிய இடங்களில், கோணத்தை முதலில் பார்க்க வேண்டும்.